ஆவியாக மறுத்த எண்ணெய்

தொண்ணூறுகளின் பின்பாதியில் வன்னியில், புதுக்குடியிருப்புச் சந்தியில் நின்றவர்களுக்கு, மோட்டார் சைக்கிள் வருகிற சேதியை மூக்குத்தான் முதலில் சொல்லும். முன்னால் வருவது மண்ணெண்ணெய் மணம். அதன் பின்னால் இருமிக்கொண்டு ஒரு எம்.டி. 90. ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று ஹொண்டா செய்த சிவப்பு வண்டி அது. பெற்றோலில் ஓடவேண்டியது. வன்னியில் அது குடித்ததோ குப்பி விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய். அந்த எண்ணெய் எங்கே பிறந்து, எப்படி இங்கே வந்து, ஓடமாட்டேன் என்று அடம்பிடித்த எஞ்சினுக்குள் எப்படி ஆவியானது என்பதைச் சொல்லத்தான் இது.

இலங்கையில் அது பிறக்கிற இடம் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள சபுகஸ்கந்தை. அங்குள்ள எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் 1969இல் தொடங்கியது. பெரும்பாலும் ஈரானிய மசகு எண்ணெய்க்காகவே வடிவமைக்கப்பட்டது. கறுத்துத் தடித்த அந்த மசகு எண்ணெயை உலையில் 350 பாகை செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி உயர்ந்த கோபுரம் ஒன்றின் அடியில் விடுவார்கள். ஆவியானது மேலே ஏறும். ஏற ஏறக் கோபுரம் குளிரும். ஒவ்வொரு தட்டிலும், அந்தத் தட்டின் வெப்பத்தில் வாயுவாக நிற்க முடியாதவை ஒடுங்கித் திரவமாகித் தேங்கும். பாரமானவை கீழ்த் தட்டுகளிலேயே சோர்ந்து டீசலாகும். இலேசானவை உச்சிவரை போய்ப் பெற்றோலாகும். நடுவில் தங்கிவிடுவதுதான் மண்ணெண்ணெய். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகம் இதைப் பகுதிபடக் காய்ச்சி வடித்தல் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடும்.

அப்படிப் பார்த்தால் மண்ணெண்ணெய் என்று தனியாக ஒரு பொருளே இல்லை. ஏறத்தாழ 150 பாகைக்கும் 300 பாகைக்கும் இடையில் கொதிக்கிற நூற்றுக்கணக்கான ஐதரோகாபன்களின் கூட்டம் அது. பெற்றோலுக்கும் அதே இரசாயனக் குடும்பம்தான். அது 30 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கி 200 பாகைக்குள் முடிந்துவிடும். இரண்டையும் பிரித்து வைத்தது கொதிநிலை ஒன்றுதான். இந்த வேறுபாட்டைப் பிறகு வன்னியின் ஒவ்வொரு கராஜும் கைப்பாடமாகப் படித்தது.

சபுகஸ்கந்தையிலிருந்து கொலன்னாவைக் களஞ்சியம், அங்கிருந்து பௌசரில் வடக்கே வவுனியா. அதுவரை மற்ற ஊர்களுக்குப் போகிற மண்ணெண்ணெயின் பயணம்தான் இதற்கும். வவுனியாவுக்கு அப்பால் கதை வேறு. 1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. இலட்சபானவிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்டது தடைப்பட்டியல். மண்ணெண்ணெய் மட்டும் இடைநடுவில் நின்றது. அது ஏழையின் விளக்கெண்ணெய், முற்றாக நிறுத்தினால் ஊர் இருண்டுவிடும். ஆகவே அளந்து அனுப்பினார்கள். சில காலம் அதையும் அனுப்பவில்லை. உள்ளே வருகிற வாசலும் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. தாண்டிக்குளம், உயிலங்குளம், பிரமனாலங்குளம் என்று போர்முனை நகர நகர வாசலும் நகர்ந்தது. வந்த எண்ணெய் சங்கக்கடையில் குடும்ப அட்டைக்கு அளக்கப்பட்டது. கையில் போத்தலோடு வரிசையில் நின்று வாங்கி, வீட்டில் வைத்து இன்னும் சின்ன அளவாகப் பிரிப்பார்கள்: இது விளக்குக்கு, இது அடுப்பு மூட்ட, மிச்சம் மோட்டார் சைக்கிளுக்கு.

ஒரு லீற்றர் மண்ணெண்ணெயை எரித்தால் வருகிற வெப்பம் ஒரு லீற்றர் பெற்றோலின் வெப்பத்துக்குக் குறைந்ததல்ல. சற்றுக் கூடவே இருக்கும். சக்தி என்று பார்த்தால் புதுக்குடியிருப்புக்கு வந்துசேர்ந்த அந்தக் கொஞ்ச எண்ணெய்க்குள் குறை ஒன்றும் கிடையாது. அதில் இல்லாமல் போனது இலகுவில் ஆவியாகும் குணம். தடைப்பட்டியலை எழுதியவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, அவர் பேனா வெட்டிவிட்டது ஒரு பௌதிகக் குணத்தை. அந்தக் குணத்தை வெப்பத்தால் மீட்டெடுத்தது வன்னியின் வேலை.

திரவம் எரிவதில்லை. எரிவதெல்லாம் ஆவிதான். ஒரு சொட்டுப் பெற்றோலை உள்ளங்கையில் விட்டால் சில்லென்று ஒரு குளிர்ச்சி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காணாமல் போய்விடும். உங்கள் கையின் சூட்டை எடுத்துக்கொண்டு வாயுவாகிப் போய்விட்டது. மண்ணெண்ணெய்ச் சொட்டு அப்படியே வழுவழுத்துக் கிடக்கும். துணியால் துடைத்தாலும் மணம் போகாது. நெருப்பைக் காட்டினால் பற்றும் அளவுக்கு ஒரு திரவத்தின் மேல் ஆவி சேருகிற வெப்பநிலையைத் தீப்பற்று நிலை என்பார்கள். பெற்றோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 43 பாகை. எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும் அது பற்றத் தயாராக இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கோ குறைந்தது 38 பாகை வேண்டும். முல்லைத்தீவின் பங்குனி, சித்திரை மத்தியான நிழலில் வெப்பம் 33, 34 பாகை. நாலைந்து பாகை வித்தியாசத்தில் அந்த எண்ணெய் பற்றாமல் சும்மா கிடக்கிறது. வீட்டு மூலையில் போத்தலில் பயமில்லாமல் வைக்க முடிவது அதனால்தான். மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் உதைக்க உதைக்க ஸ்டார்ட் ஆகாததும் அதே காரணத்தால்தான்.

விளக்கு இந்தச் சிக்கலைத் திரியால் தீர்த்தது. திரியின் நுண்துளைகள் எண்ணெயை மேலே இழுக்கின்றன. நுனியிலிருக்கும் சுவாலை தன் சூட்டில் ஒரு பங்கைக் கீழே திருப்பி, நுனிக்கு வந்த எண்ணெயைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகிறது. பிறகு அந்த ஆவியையே தின்கிறது. மைக்கேல் பரடே இலண்டனில் மெழுகுதிரியை வைத்துச் சிறுவர்களுக்கு நடத்திய விரிவுரைகளில் சுவாலையின் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, எரியாத ஆவியை வெளியே இழுத்து, குழாயின் மறுமுனையில் அதைக் கொளுத்திக் காட்டினார். அவ்வளவு வசதி தேவையில்லை. குப்பி விளக்கை ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு எழும்பும். புகை என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஆனால் அது ஆவியாகிப் போன எண்ணெய், குளிர்ந்து மறுபடி நுண்துளியாகிறது. எரிகிற நெருப்புக்குச்சியை அந்தக் கோட்டில் பிடித்தால் சுவாலை காற்றில் தாவி இறங்கித் திரியில் உட்காரும். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு; எண்ணெய் வீணாகிறது என்று அம்மாவிடம் ஏச்சும் விழும்.

தடைக்காலம் கண்டெடுத்த விளக்கு ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்குச் சொற்ப மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பிலிருந்து கழற்றிய வால்வுக் குழாயில் நூல்திரியைக் கோத்து, வளைத்த கம்பி ஒன்றால் அதைப் போத்தலுக்குள்ளேயே நிறுத்துவார்கள். சுவாலை ஒரு பயறு அளவுதான் இருக்கும். போத்தலின் சுவர் காற்றைத் தடுக்கும், வாய் திறந்திருப்பதால் மூச்சும் விடும். பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும், தட்டுப்பட்டுக் கவிழ்ந்தாலும் ஊற்றிக் கொட்டாது. சுவாலை சின்னதென்றால் நுனியில் ஆவியாகிற எண்ணெயும் சின்ன அளவு. குப்பி விளக்கு ஒரு மாலையில் குடிப்பதை இது நாள்கணக்கில் வைத்துக் குடிக்கும். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் ஒரு தலைமுறையே இதன் முன்னால் குனிந்திருந்து படித்தது. காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அந்தக் கறுப்பு, ஒட்சிசன் போதாமல் எரியாது விட்ட காபன். வாயுவாக வந்து திண்மமாக முடிந்த பங்கு.

இதில் யாரும் கவனிக்காத ஒரு பங்கும் உண்டு. அரிக்கன் லாம்பைக் கொளுத்திச் சிமினியை இறக்கியவுடன் கண்ணாடியின் உட்புறம் ஒரு கணம் பனிபடர்ந்து மங்கும்; கண்ணாடி சூடானதும் தெளியும். அது தண்ணீர். மண்ணெண்ணெயிலுள்ள ஐதரசன் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து நீராவியாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் முழுமையாக எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆகாயத்துக்குப் போகிறது. வரிசையில் நின்று வாங்கிய போத்தல் எண்ணெய், ஒரு போத்தல் நீராகக் கூரை வழியே வெளியேறியிருக்கிறது.

விளக்கு சுலபம். எஞ்சின் அப்படியல்ல. அதற்குத் திரியும் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை. காபரேற்றரில் எண்ணெயைக் காற்றோடு தெளித்து உள்ளே இழுக்கும். ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் அது ஆவியாகி, அமுங்கி, பிளக்கின் பொறியில் வெடிக்கவேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் தூறலாகவே நின்றுவிடும். சிலிண்டர் சுவரில் ஒட்டும், பிளக்கை நனைக்கும், உதைத்தவரின் காலைச் சோரவைக்கும். எஞ்சின் ஒருதரம் சூடாகிவிட்டால் உலோகத்தின் வெப்பமே எண்ணெயை ஆவியாக்கும். ஆகவே பெற்றோல் வேண்டியது அந்த முதல் அரை நிமிடத்துக்கு மட்டும்.

இதைக் கண்டுகொண்ட பிறகு ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சின்னப் போத்தல் தொங்கியது. மருந்து வந்த பிளாஸ்ரிக் போத்தல், மூடியில் ஊசி நுழைகிற துளை. தாங்கியில் மண்ணெண்ணெய். காற்று போகிற வழியில் போத்தலை வைத்து இரண்டு மூன்று அமுக்கு, உடனே உதை. கூர்மையான சத்தத்தோடு எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் பெற்றோலினது. கை அக்சிலேற்றரை விடக்கூடாது. சில வினாடிகளில் சத்தம் தடிக்கும், சைலென்சரிலிருந்து வெள்ளையாகக் கொட்டும். மண்ணெண்ணெய் வந்துசேர்ந்துவிட்டது, ஆனால் பாதி எரியாமல் ஆவியாகவே வெளியேறிக் காற்றில் ஒடுங்குகிறது. விளக்குத் திரியின் வெள்ளைக் கோடுதான் இங்கே ஒழுங்கையை மறைக்கிற அளவுக்குப் பெரிதாகி நிற்கிறது. பிறகு வெள்ளை குறையும், வண்டி நகரும். வழியில் எஞ்சின் நின்று ஆறிப்போனால் மறுபடியும் போத்தல். அது காலியென்றால், போகிற வருகிறவரிடம் "அண்ணை, ரெண்டு சொட்டுப் பெற்றோல் இருக்கோ?" என்று கேட்பதில் வெட்கமில்லை. பெற்றோலைச் சொட்டாக இரந்து, சொட்டாகக் கொடுத்த ஊர் வேறெங்கும் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. சந்திக்குப் போய் இரண்டு வார்த்தை பேசுகிறவர்கூட எஞ்சினை நிறுத்தமாட்டார். வெளியாள் பார்த்தால் எண்ணெய்த் தட்டுப்பாட்டில் இதென்ன ஊதாரித்தனம் என்று நினைப்பார்.

இந்த அறிவு வானத்திலிருந்து விழவில்லை. 1917இல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில்தான் உழுதது. வன்னி வயல்களில் ஓடுகிற மசி பேர்குசனின் முன்னோரான பேர்குசன் இயந்திரங்களிலும் மண்ணெண்ணெய் வகை ஒன்று 1949இல் வந்தது. வெளியேறும் புகையின் சூட்டால் எண்ணெயை முன்கூட்டியே ஆவியாக்க அதில் தனி ஏற்பாடு இருந்தது. தோட்டக்காரர்களின் நீரிறைக்கும் மிசினும் அந்த வழிதான். பெற்றோலுக்கு ஒரு சின்னத் தாங்கி, மண்ணெண்ணெய்க்கு ஒரு பெரிய தாங்கி, சூடானதும் குழாயைத் திருப்பிவிடவேண்டியதுதான். வலிகாமத்துத் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்த கைகளுக்கு இது பழக்கமான வேலை. தடை வந்ததும் யாழ்ப்பாணத்தின் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வாடகைக் கார்கள் அதே வழியில் ஓடின. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. அடுத்த மாதங்களில் அந்தச் சனத்தில் ஒரு பகுதி கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்கு வந்தது. சட்டி பானையோடு இந்தக் கைப்பழக்கமும் வந்தது.

பழைய கார்கள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அவற்றின் பழைமை. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகவும் தாழ்ந்தது. அமுக்கம் கூடினால் பொறியின் சுவாலை வந்துசேருமுன்பே தானாக வெடித்துப் பிஸ்ரனை உள்ளிருந்து சம்மட்டியால் அடிக்கும். பழைய எஞ்சின்களின் அமுக்கவிகிதம் குறைவு, அதனால் பொறுத்துக்கொண்டன. புதிய எஞ்சின் கொண்டவர் மேட்டில் ஏறும்போது அந்த அடியைக் கேட்டிருப்பார். ஆவியாகாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயிலின் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். அதைக் கண்டு மகிழ்ந்தவர் கொஞ்ச நாளில் கராஜில் நின்றார். ஒயில் நீர்த்து, தேயக்கூடாதவை தேய்ந்திருக்கும். பிளக்கில் கரி. உதிரிப்பாகமும் தடைப்பட்டியலில். எஞ்சின் நல்லாயிருக்கவேண்டும் என்று யாரும் மண்ணெண்ணெய் ஊற்றவில்லை. எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொடுத்துத்தான் பயணம் வாங்கினார்கள். இந்தக் கதையைச் சாதுரியம் என்று மட்டும் சொல்லிப் பெருமைப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. நோயாளியை ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டான் வீதியில் போகிற வண்டி பாதி வழியில் ஆறிப்போய் நிற்பதிலும் அதே பௌதிகம்தான் இருக்கிறது.

திரவத்தையும் வாயுவையும் பார்த்தாயிற்று. மண்ணெண்ணெய் திண்மமாவதை வன்னியில் யாரும் கண்டிருக்க முடியாது, ஆனால் அந்தக் கவலை அவர்கள் தலைக்குமேல் பறந்துகொண்டிருந்தது. ஜெற் விமான எரிபொருள் வேறொன்றுமில்லை, கடுமையாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். கோபுரத்தின் அதே நடுத்தட்டு. பதினோராயிரம் மீற்றர் உயரத்தில் வெளியே பூச்சியத்துக்குக் கீழ் ஐம்பது பாகைக்கும் மேலான குளிர். அங்கே எண்ணெயில் மெழுகுப் பளிங்கு தட்டினால் குழாய் அடைபட்டுவிடும். ஆகவே ஜெற் ஏ-1 என்ற எண்ணெய்க்கு உறைநிலை பூச்சியத்துக்குக் கீழ் 47 பாகை அல்லது அதற்கும் தாழ்வாக இருக்கவேண்டும் என்பது விதி. தீப்பற்று நிலையோ விளக்கெண்ணெய்க்குச் சொன்ன அதே 38. இலங்கை விமானப்படை 1996இல் கிபிர் விமானங்களைப் பெற்றது. அவற்றின் இரைச்சல் கேட்டதும் ஜாம் போத்தலின் வாயைக் கையால் மூடி அணைத்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். மேலே எரிந்துகொண்டிருந்ததும் கீழே அணைத்ததும் ஒரே கோபுரத்து எண்ணெய். புதுக்குடியிருப்புக்கு அடுத்த வள்ளிபுனத்தில் 2006 ஆகஸ்ட் 14ஆம் நாள் காலை செஞ்சோலை வளாகத்தில் குண்டு வீசி மாணவிகளைக் கொன்ற விமானங்களின் தாங்கியில் இருந்ததும் அந்தக் குடும்பத்ததுதான்.

நடுவில் ஒரு இடைவெளி கிடைத்தது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது, ஏ-9 பாதை திறந்தது, ஓமந்தை வழியாகப் பெற்றோல் பௌசர்கள் வந்தன. சின்னப் போத்தல்கள் குப்பைக்குப் போயின. பல எஞ்சின்கள் புதிதாகப் பிஸ்ரன் வளையம் போட்டுக்கொண்டன. நாலரை வருடம். 2006 ஆகஸ்டில் ஏ-9 மூடப்பட்டதும் பழைய கணக்கு மறுபடி தொடங்கியது. 2009இன் தொடக்க மாதங்களில் கிளிநொச்சிப் பக்கத்துச் சனமெல்லாம் பரந்தன் முல்லைத்தீவு வீதியால் விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஒதுங்கி, கடைசியில் மாத்தளன் கடற்கரையில் முட்டி நின்றது. எரிபொருள் தீர்ந்த இடத்தில் வாகனத்தை விட்டுவிட்டு நடந்தார்கள். போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் முள்ளிவாய்க்கால் பக்கம் துருவேறிய மோட்டார் சைக்கிள்களும் பஸ்களும் குவியலாகக் கிடந்தன.

இப்போது அந்தப் பகுதியில் மின்சாரம் இருக்கிறது, சந்தியில் எம்.டி. 90ஐக் காண்பதே அரிது. மண்ணெண்ணெய் போகிற திசை கடற்கரை. மாத்தளனிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் கண்ணாடியிழைப் படகுகளின் எஞ்சினுக்கு அதுதான் தீனி, பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற அதே முறையில். 2022இல் நாடு முழுவதற்கும் எரிபொருள் தட்டுப்பட்டபோது தெற்கிலிருந்தவர்களும் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். வன்னிக்காரருக்கு வரிசை புதிதில்லை. அவர்களுக்கு வலித்தது விலை. அந்த வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயாக ஏறியது. பல படகுகள் கரையிலேயே இருந்துவிட்டன. இம்முறை எண்ணெய் வராமல் இல்லை, வாங்கத்தான் முடியவில்லை. அதற்குச் சின்னப் போத்தலில் வைத்தியம் கிடையாது.

மண்ணெண்ணெய் எஞ்சின்களுக்குக் கையேடு ஒரு பழக்கத்தைச் சொல்லும்: நிறுத்துவதற்குச் சற்றுமுன் குழாயைப் பெற்றோலுக்குத் திருப்பிக் கொஞ்சம் ஓடவிடு, காபரேற்றரில் தங்கியிருக்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீரட்டும், நாளைக் காலையில் குளிர்ந்த எஞ்சின் முதல் இழுப்பிலேயே எழும்பும். பெற்றோல் சொட்டுக் கணக்கில் கிடைத்த நாட்களில் அதைக் கடைப்பிடிக்க யாராலும் முடியவில்லை. இன்றைக்கு மீன் விலையும் எண்ணெய் விலையும் ஒத்துவருகிற நாளில், கரை தெரிந்ததும் குழாயைத் திருப்பிவிடலாம்.